சும்மா போன கடல்

சிங்கப்பூரிலிருந்து வெள்ளி இரவு கிளம்பியது அம்மாவைப் பார்க்கத்தான். சனி காலை பீடோர் டோலைத் தாண்டியதும் மனைவி கேட்டாள்: "பங்கோர் போவமா?" யோசிக்கவே இல்லை. தெலுக் இந்தான், சித்தியவான், லுமுட், ஃபெர்ரி. அம்மாவுக்குப் போன் போட்டு, "வேலை வந்துடுச்சி, நாளைக்கி வர்றோம்மா" என்றேன்.

அன்று முழுக்கக் கடலில் கிடந்தோம். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஏன் அந்தப் பொய்?

அம்மாவும் பங்கோர் போயிருக்கிறார். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து, பத்ரகாளியம்மன் கோயில் மாசி மகத்துக்கு. பால்குடம் எடுத்து, கடலில் காலை நனைத்து, அன்றைக்கே திரும்பிவிடுவார். மறுநாள் மரம் வெட்டணும். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கல்யாணம், கருமாதி, வேண்டுதல் என்று ஏதாவது காரணம் இருந்தால்தான் அவர்கள் வாசலைத் தாண்டினார்கள். எனக்கு அது தேவையில்லை. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. நினைத்தவுடன் வண்டியைத் திருப்பலாம். அப்படியும் "வேலை" என்ற சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்தேன். ஓய்வு தப்பில்லை என்று வாய் சொல்கிறது, உள்ளுக்குள் இருக்கும் தோட்டத்துப் பையன் நம்பவில்லை. அம்மாவின் ஒரு நாளை நான் எடுத்துக்கொண்டதும் உண்மை. அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.

ஞாயிறு வாசலில் செருப்பைக் கழற்றினேன். அம்மா மணலைப் பார்த்தார்.

"பங்கோரா? கோயிலுக்குப் போனீங்களா?"

"இல்லம்மா. சும்மா."

கோபமே இல்லை. அருகில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "சும்மா போனா, அங்க நாள் முழுக்க என்னப்பா செய்வீங்க?"