எண்ணுகிறவர் கடமை

வரிச்சிக்குடியில் பட்டப்படிப்பை முடித்த ஒரு பெண், உயிர்ப் புள்ளியியலில் மேற்படிப்புக்கு எங்கே சேரலாம் என்று என்னிடம் கேட்டாள். புதுச்சேரி ஜிப்மர் ஒன்று. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஒன்று. மாமா குடும்பம் இருக்கும் பிரான்சில் ஒரு பல்கலைக்கழகம். எதற்குப் பெயர் அதிகம், எதில் செலவு குறைவு, எதைப் படித்தால் நல்ல சம்பளம் என்று வீட்டார் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கை நான் இழிவாக நினைக்கவில்லை. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தகப்பனாருக்கு லட்சியத்தை உபதேசிப்பது சுலபம். வட்டி கட்டப் போகிறவர் அவரல்லவா?

ஆனால், இது சற்று விசித்திரமான படிப்பு. எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல் தீர்மானித்து, பிறகு தேறியவர்களையும் தேறாதவர்களையும் எண்ணுகிற தொழில். மனிதனை எண்ணாக்கும் உரிமை ஒருவருக்கு எதனால் வருகிறது?

1956-இல் சென்னையில் காசநோய்க்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ஏழை நோயாளிகள் இருநூறு பேருக்கும் குறைவானவர்களைக் குலுக்கிப் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். நீண்ட ஓய்வும் நல்ல உணவும் இல்லாமல் காசம் தீராது என்பது அந்நாளைய நம்பிக்கை. 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். அதனால் உடனிருந்தோருக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. படுக்கை கிடைக்காத எண்ணற்ற ஏழைகளுக்கு அந்த எண்கள் வழி திறந்தன.

அந்தக் குலுக்கலை நியாயமாக்கியது எது? இரு சாராருக்கும் மருந்து கிடைத்தது. எந்த இடம் மேல் என்பது எவருக்கும் நிச்சயமாகத் தெரியாதிருந்தது. தெரிந்ததும், பழைய நம்பிக்கைக்கு அஞ்சாமல் சொன்னார்கள். சோதனையை வகுக்கும் வித்தையில் பிரிட்டிஷ்காரர்கள் துணை நின்றார்கள். உண்மை கிடைத்ததோ சென்னை ஏழைகளின் வீட்டு வாசலில்.

ஆகவே, ஊரா அயல்நாடா என்பதில் தர்மம் இல்லை. 1962-இல் இதே காரைக்கால் மண்ணில், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டியிருந்தது. எழுதியவரையோ எழுதாதவரையோ குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அந்தப் பெண்ணை, அங்கங்கே படித்தவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கச் சொன்னேன். மாணவர்களை நோயாளியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்களா? ஆசிரியரோ மருந்துக் கம்பெனியோ விரும்பாத முடிவு வந்தால், அதை அப்படியே எழுதப் பழக்குகிறார்களா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வரும் இடங்களில், கடன் குறைவானதைத் தேர்ந்துகொள்ளட்டும். வீட்டாரின் கணக்கும் தர்மக் கணக்கும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. கடன்பட்டவர் நாவு சம்பளம் கொடுப்பவர் முன் உண்மையைச் சொல்லத் தயங்கும். எண்ணுகிறவர் தயங்கினால் சாகிறவர் வேறு யாரோ.