சாவா மூவாப் பேராடு

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் கோயிலைச் சுற்றிய வீதிகளில் இல்லை, வேங்கிக்காலில் இருக்கிறது. அங்கிருந்தும் மலை தெரியும். ஊழிக்கும் அழியாதது என்று நம்பி லட்சக்கணக்கானோர் பௌர்ணமிதோறும் வலம் வருகிற மலை அது. அதன் பார்வையிலேயே, முக்கால் ஏக்கர் புஞ்சை எந்தக் குடும்பத்துக்கு உரியது என்பதை அழியாமல் வைத்திருக்கும் வேலையும் நடக்கிறது. பட்டாவும் சிட்டாவும் அ-பதிவேடும் தடித்த பேரேடுகளிலிருந்து 'தமிழ்நிலம்' கணினிக் கணக்குக்கு இடம் மாறிவிட்டன. சைவம் இறைவனுக்கு ஐந்தொழில் சொல்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நடுவில் நிற்கும் அழித்தல், காத்தலுக்குப் பகையாக அல்லவா தோன்றுகிறது? ஒரே கை இரண்டையும் எப்படிச் செய்யும்? பழைய கேள்விதான். ஆனால் தரவுத்தளத்தின் கோப்புகளைப் பேணுகிறவர்கள் அன்றாடம் செய்யும் வேலை இதற்கு ஒரு விடையைக் காட்டுகிறது என்பது என் வாதம். காத்தல் என்றால் பொருளை விடாமல் பிடித்து வைத்திருத்தல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பொருள் போனபின்னும் அதை மீட்க முடிகிற நிலையைப் பேணுவதே காத்தல்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பட்டா மாறுதல் கணினியில் பதியும்போது பெரும்பாலான தரவுத்தளங்கள் அதை நேரே தரவுக் கோப்பில் எழுதி முடித்துவிடுவதில்லை. என்ன மாறப்போகிறது என்பதை முதலில் லாக் என்னும் தொடர்குறிப்பில் எழுதி, அது வட்டில் பதிந்தது உறுதியான பிறகே 'முடிந்தது' என்று சொல்லும். தரவுக் கோப்பு பின்னால் சாவகாசமாகத் திருந்தும். இடையில் மின்சாரம் போனாலும் குறிப்பைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிரம்பிய லாக் கோப்புகளை வரிசை அறாமல் வேறிடத்தில் சேர்த்து வைப்பார்கள். எப்போதோ எடுத்த முழு பேக்கப்பும் அதற்குப் பிந்திய லாக் கோப்புகளும் கையில் இருந்தால், சர்வரே எரிந்து போனாலும் நேற்று மாலை நான்கு மணிக்கு இருந்த கணக்கை அப்படியே எழுப்பிவிடலாம். நடுவில் ஒரு கோப்பு விடுபட்டால் மீட்பு அந்த இடத்தோடு நின்றுவிடும். எந்த வட்டும் நிலைக்கும் என்று இந்த ஏற்பாடு நம்பவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வட்டு சாகும் என்பதை ஒப்புக்கொண்டே கணக்கைக் காக்கிறது. 1970இல் எட்கர் காட் உறவுசார் தரவுத்தளத்தின் இலக்கணத்தை வகுத்தபோது அதன் உயிர்நிலையாக வைத்ததும் இதையொட்டியதே: ஒரு செய்தி வட்டில் எந்த மூலையில் கிடக்கிறது என்பது அதன் அடையாளம் ஆகாது, எதோடு எது தொடர்புற்றிருக்கிறது என்பதே அடையாளம்.

நம் கல்வெட்டு எழுதியவர்களுக்கு இந்த எண்ணம் புதிதன்று. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் சோழர் காலத்தில் பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்தார்கள். மன்றாடிகள் என்னும் இடையர் அவற்றை ஏற்று, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாதவை, கிழடு தட்டாதவை. எந்த ஆடும் சாகாமல் இருந்ததில்லை என்பது எழுதியவருக்கும் இடையருக்கும் தெரியும். செத்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து நிற்கும், எண்ணிக்கை குறையாது, ஆட்டுக்கும் நெய்க்கும் விளக்குக்கும் இடையிலுள்ள கட்டு அறாது. சாகாதது அந்தக் கட்டு. மரணமின்மையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் இவ்வளவு நேர்மையான சொற்றொடர் வேறு உண்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சந்திரன் சூரியன் உள்ளளவும் என்று தானம் எழுதியவர்கள், தனி ஆட்டை நம்பி அப்படி எழுதவில்லை.

சைவ சித்தாந்தத்தின் முதல் நூலாகிய சிவஞானபோதம் தன் பன்னிரண்டு சூத்திரங்களில் முதலாவதை இந்த இடத்திலேயே தொடங்குகிறது. தோன்றி, நின்று, ஒடுங்குகிற உலகம், ஒடுங்கிய இடத்திலிருந்தே மீளத் தோன்றும். ஆகவே ஒடுக்குகிறவனே முதல்வன் என்பது அதை இயற்றிய மெய்கண்டாரின் வாதம். ஒடுக்கம் என்பது இல்லாமற் போதல் ஆகாது. உள்ளது இல்லாததாக மாறாது. தன் முதற்காரணமாகிய மாயையில் நுண்மையாகத் தங்கும். அழித்தலை உயிர்களின் இளைப்பு ஆற்றுவது என்று சித்தாந்தம் கொள்வதும் இதனால்தான். அப்படியானால் ஒடுங்கியது ஏன் மீள வேண்டும்? உயிரின் மலம் இன்னும் கழியவில்லை; வினைக்கணக்கு முடியவில்லை; அதனால் மீள்கிறது. வேங்கிக்கால் போன்ற அலுவலகங்களில் கோப்புகளை முடிக்கும் முறையும் இதே நியாயத்தில் நடப்பதைக் காணலாம். முடிந்த கோப்பை ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு என்று வகைப்படுத்தி, காலம் தீர்ந்ததைக் கழிப்பார்கள். யாருடைய உரிமையும் இனி அதைப் பற்றி நிற்கவில்லை என்றால் ஓராண்டு போதும். நிலத்தின் உரிமை தொங்குகிறதென்றால் நிரந்தரம். எதைக் கழிக்கலாம் என்பதைக் காகிதத்தின் வயது தீர்மானிப்பதில்லை. அதில் மிச்சமிருக்கும் தொடர்பு தீர்மானிக்கிறது. அழித்தல் இப்படிக் காத்தலுக்குள்ளேயே நடக்கிறது. கழிக்கத் தெரியாத காப்பகத்தில் வேண்டியதைத் தேடி எடுக்க முடியாது. தேடி எடுக்க முடியாததைக் காத்ததாகவும் சொல்ல முடியாது.

இறைவன் தொழிலைக் கணக்கர் தொழிலோடு ஒப்பிடலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மண்ணையும் திரிகையையும் குயவனையும் காட்டி மூவகைக் காரணத்தை விளக்கிய மரபு நம்முடையது. கைத்தொழிலை உவமையாக்க அது கூசியதில்லை. கனமான தடை வேறொன்று. நகல் மூலமாகுமா? அசல் ஓலை மக்கிவிட்டால் மக்கியதுதானே, அதன் படியை வைத்துக்கொண்டு காத்துவிட்டோம் என்பது நம்மை நாமே தேற்றிக்கொள்வதல்லவா? காவிரிக் கரையிலுள்ள திருக்கோடிக்காவல் இதற்கு விடை வைத்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி அக்கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த பல்லவர் காலச் சாசனங்களையும் சேர்த்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். வெட்டியவர்கள் அவற்றை அசல் போலக் காட்டவில்லை. 'பழங்கற்படி' என்று அங்கேயே குறித்தார்கள். பழங்கல்லின் படி, அதாவது நகல். தன்னை நகல் என்று ஒப்புக்கொள்ளும் நகல் யாரையும் ஏமாற்றவில்லை. அந்தப் பழங்கல்லில் உளி இறங்கிய விதமும் எழுத்தின் வடிவும் போய்விட்டன. அந்த இழப்பை மறுக்க முடியாது. ஆனால் இன்னார், இன்ன நிலத்தை, இன்ன விளக்குக்குக் கொடுத்தார் என்ற கட்டு ஆயிரம் ஆண்டு கடந்து வந்திருக்கிறது. கொடுத்தவர் காக்கச் சொன்னதும் அதைத்தான்.

ஓலைச்சுவடியின் கதை இதன் மறுபுறம். சிதைந்த ஏட்டைப் படியெடுத்துவிட்டு, பழையதை ஆற்றிலோ தீயிலோ சேர்ப்பது முன்னோர் வழக்கம். அதில் குறையொன்றும் இல்லை. ஆடு மாற்றுவதைப் போன்றது அது. காலப்போக்கில் படியெடுக்கும் பகுதி நின்று, ஆற்றில் விடும் சடங்கு மட்டும் தங்கிவிட்டது. ஆடிப் பதினெட்டில் ஏடுகள் வெள்ளத்தில் போயின. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிப் போன உ.வே.சாமிநாதையர், அவை முறைப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியைத்தான் கேட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. தீயில் இட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். சாத்திரம் சொன்னதாக நம்பிச் செய்தவர்கள். ஒடுக்கத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்கு மறந்து போயிற்று. நகலை உறுதி செய்யாமல் பழைய கோப்பைக் கழிக்கிற இன்றைய அலுவலகமும் அதே ஹோமத்தைத்தான் செய்கிறது.

அப்படியானால் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும் 'ஒடுக்கம்' என்று சொல்லித் தேறிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டால், கூடாது என்பதே பதில். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அங்கே சாம்பலாயின. வேறு படி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. அவை மீள்வதற்கு எந்த இடத்திலும் ஒடுங்கவில்லை. இறைவனின் சங்காரம் திருப்பித் தருகிற சங்காரம் என்பதாலேயே சித்தாந்தம் அதை அருளின் வரிசையில் வைக்கிறது. திருப்பித் தர இயலாத மனிதர் செய்கிற எரிப்புக்கு அந்தப் பெயரைத் தருவது பாவம். கொடுமைக்குத் தத்துவம் பூசும் வேலையை இந்த வாதம் செய்யாது, செய்யவும் விடக்கூடாது.

இன்னும் ஆழமான தடை திருவண்ணாமலையாகிய அருணாசலத்தின் மடியிலிருந்தே வருகிறது. 1896இல் இங்கே வந்து சேர்ந்த ரமணர் எதையும் சேர்த்து வைக்கவில்லை. நினைவுகளின் மூட்டையைத் 'தான்' என்று எண்ணுவதே மயக்கம், அதைக் கரைப்பதே விடுதலை என்ற வழி அவருடையது. அவர் பேசாதிருந்த தொடக்க ஆண்டுகளில், கேட்டவர்களுக்கு மணலில் விரலால் எழுதிக் காட்டினார். மணலைவிடத் துறவுக்குப் பொருந்திய ஏடு கிடையாது. அப்படியிருக்க, பேக்கப்பும் லாக்கும் பற்றின் பெருக்கம் அல்லவா? எனக்கு இந்தத் தடை மிகவும் மதிக்கத்தக்கதாகப் படுகிறது. ஆனால் அந்த மணலெழுத்து இன்று நமக்கு எப்படித் தெரியும்? 1902 வாக்கில் விருபாட்ச குகைக்கு வந்த சிவப்பிரகாசம் பிள்ளை, மணலிலும் பலகையிலும் கிடைத்த விடைகளைக் குறித்து வைத்தார். அவர் தென்னாற்காடு ஆட்சியர் அலுவலகத்தின் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். அந்தக் குறிப்புகளே 1923இல் 'நான் யார்?' என்று அச்சாயின. எழுதியவர் விட்டார், கேட்டவர் காத்தார், இரண்டும் சரி. தன்னுடையதை விடுவது துறவு. பிறர் தன்னிடம் ஒப்படைத்ததை விடுவது துறவு ஆகாது. ஒரு வருவாய்த் துறை ஊழியர் தம் பட்டாவைத் துறக்கலாம்; தம் பொறுப்பிலுள்ள ஊராரின் பட்டாவைத் துறக்க அவருக்கு உரிமை இல்லை.

மறைத்தலும் இங்கே பொருள்படுகிறது. முற்பிறவிகளில் சேர்ந்த வினையாகிய சஞ்சிதம் முழுவதும் உயிரின் கண்ணுக்கு முன் விரிந்தால் அது ஒரு கவளம் உண்ணாது. மறைப்பதும் அருளே என்கிறது சித்தாந்தம். காப்பகத்தில் எல்லாம் இருக்கலாம். எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை.

மீட்க முடிகிறதா என்பதை மீட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். பேக்கப் எடுத்த நாடா அலமாரியில் பத்திரமாக இருக்கும். தேவைப்படும் அன்று எடுத்தால் படிக்காது. அதனால் இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள், பழுது வராத நாளிலேயே நகலை வேறொரு கணினியில் எழுப்பிச் சரிபார்ப்பார்கள். திருவண்ணாமலைக் கோயில் தன் வழியில் இதைச் செய்து வருகிறது. போசள மன்னர் மூன்றாம் வல்லாளருக்கு மைந்தர் இல்லை, அண்ணாமலையாரே அவருக்கு மகன் என்பது ஊரின் நம்பிக்கை. பதினான்காம் நூற்றாண்டில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் அவர் மடிந்தார். அவருடைய அரசும் சில ஆண்டுகளில் இல்லாமற் போயிற்று. ஆனாலும் ஒவ்வொரு மாசி மகத்தன்றும் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக் கரையில் தந்தைக்குத் திதி கொடுக்கிறார். தூக்கிச் செல்லும் தோள்கள் மாறியிருக்கின்றன. குருக்கள் தலைமுறைகள் மாறியிருக்கின்றன. மகன், தந்தை என்ற கட்டை ஆண்டுக்கொரு முறை ஆற்றங்கரையில் எடுத்து எழுப்பிப் பார்க்கிறார்கள். அது எழுகிறது.