அம்மா வீட்டில்தானே!

கரிசல் பூமியில் வளர்ந்த பிள்ளைகளிடம், "அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள்?" என்று கேட்டால், "சும்மா வீட்டில்தான் இருக்கிறார்கள்" என்ற மறுமொழி வருவதை நாம் அறிவோம். இம்மறுமொழியில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. வீட்டில் இருக்கும் அந்தத் தாய், வியாபாரியிடமிருந்து மூட்டையாய் வந்திறங்கிய மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறார். அல்லது தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து அண்டை வீட்டாரின் துணியைத் தைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு தலைமுறைக்கு முன்பென்றால், தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்திருப்பார். இடையே, மீசை அரும்பிப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட மகன் வந்து நின்று, "சாப்பாடு ஆயிற்றா?" என்கிறான். கைவேலையைக் கீழே வைத்துவிட்டு அவர் எழுகிறார். நாள்தோறும் நிகழும் இச்சிறு நிகழ்ச்சிக்குள் அறநெறி சார்ந்த கேள்வி ஒன்று இருக்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாய் செய்யும் பணிவிடை எதுவரை அன்பு? எவ்விடத்தில் அது அநீதியாகத் தொடங்குகிறது?

நாகலாபுரத்தையும் அதனைச் சூழ்ந்த விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பகுதிகளையும் அறிந்தவர்களுக்கு இந்நிலத்தின் கணக்கு தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் மிளகாயும் மல்லியும் உண்டு. பொய்த்தால் கடன் உண்டு. இந்த மானாவாரி மண்ணில் வெள்ளாமையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது அரிது. 1922ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் ஊன்றிய அத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி எனப் பரவியது. வறண்ட காற்று அதற்கு உதவிற்று. வேலையில்லாத கைகளும் உதவின. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று மக்கள் வழங்கிய ஆலைகளுக்குச் சென்றவர்கள் ஒரு பக்கம். சென்றுவர இயலாத தாய்மார்களின் வீடுகளுக்கே வந்து சேர்ந்த வேலை மறுபக்கம். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் திண்ணையிலும் அடுப்படியிலும் நடந்தன. இயந்திரங்கள் பெருகியபின் பெட்டி ஒட்டும் வேலை பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் வீட்டுக்கு வரும் வேலை வேறு வடிவங்களில் தொடரவே செய்கிறது.

வீட்டில் செய்யும் இவ்வேலைக்கு ஓர் இயல்பு உண்டு. கூலி நாள் கணக்கில் வருவதில்லை. எண்ணிக்கைக் கணக்கில் வருகிறது. 144 பெட்டிகள் சேர்ந்தால் ஒரு குரோஸ். குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. ஆலைத் தொழிலாளிக்கு வேலை நேரத்தைத் தொடங்கிவைக்கவும் முடித்துவைக்கவும் சங்கு ஊதுகிறது. இடையில் யாரும் வந்து தோசை வார்க்கச் சொல்வதில்லை. வீட்டில் வேலை செய்பவருக்குச் சங்கும் இல்லை, தடுக்கும் வாசலும் இல்லை. கால் மணி நேரம் எழுந்து அடுப்படிக்குச் சென்றால், அந்தக் கால் மணிக்குரிய பெட்டிகள் ஒட்டப்படுவதில்லை. ஆகவே மகன் உண்ட தோசைக்கு மாவும் எண்ணெயும் மட்டும் செலவாகவில்லை. தாயின் கூலியிலும் ஒரு பகுதி செலவாயிற்று. அச்செலவை அவர் எங்கும் எழுதிவைப்பதில்லை. எல்லாரும் உறங்கிய பின்னர் விளக்கடியில் அமர்ந்து, குறைந்ததை ஈடுகட்டிவிடுகிறார்.

இதை நாம் காணாமற்போவதற்குக் காரணம், வீட்டில் நடக்கும் வேலையை மதிக்கத் தெரியாமையா? அப்படிச் சொல்வதற்கில்லை. 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் பணிபுரிந்த நம் பிள்ளைகள் பலர் ஊர் திரும்பினர். வீட்டிலிருந்தே பணி செய்வது புதுமையாகப் பேசப்பட்டது. மகன் மடிக்கணினியைத் திறந்து அமர்ந்ததும் தொலைக்காட்சியின் ஒலி தாழ்ந்தது. "தம்பி வேலையில் இருக்கிறான், சத்தம் போடாதீர்கள்" என்று தெருவில் விளையாடிய சிறுவர்களும் அதட்டப்பட்டார்கள். காப்பி அவன் இருந்த இடம் தேடிச் சென்றது. உழைப்புக்குத் தரப்படவேண்டிய மதிப்பே அது. அதில் குறைகாண ஒன்றும் இல்லை. ஆனால், அதே கூரையின்கீழ் முப்பது ஆண்டுகள் வீட்டிலிருந்தே பணி செய்த தாய்க்காக யார் குரலைத் தாழ்த்தினார்கள்? எவர் காப்பி கொண்டுவந்தார்கள்? ஊரடங்குக் காலம் நமக்குக் காட்டிக்கொடுத்த உண்மை இதுவே: வீட்டு வாசலுக்குள் நடக்கும் வேலையை மதிக்க நமக்குத் தெரியும், யார் செய்தால் மதிப்பது என்பதிலேதான் நாம் ஓரவஞ்சனை செய்கிறோம்.

உலகம் இவ்வுழைப்பை மெல்ல மெல்லக் கண் திறந்து பார்க்கத் தொடங்கியுள்ளது. 1996ஆம் ஆண்டு அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, தம் வீட்டில் இருந்தபடியே பிறருக்காகக் கூலிக்கு உழைப்பவரும் தொழிலாளரே என்று 177ஆம் உடன்படிக்கையில் வகுத்தது. 2019ஆம் ஆண்டு நம் நாட்டில் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றுக்குச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவதோ 97 நிமிடங்கள். அப்படி ஈடுபடும் ஆண்களும் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர்தாம். 2023ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம், கணவர் சேர்த்த சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு 'உதவித் தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டு மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், உழைப்பின் களைப்பை அறிந்தவர்களை வரிசைப்படுத்துகிறார். சுரங்கத்தில் உழைப்போர், வயலில் உழைப்போர் ஆகியோரோடு, வீட்டின் அன்றாடச் சுமையைத் தாங்கும் பெண்களையும் அவர் சேர்க்கிறார். சமுதாயம் மட்டுமின்றி, சில வேளைகளில் அவர்தம் குடும்பத்தாரே அவ்வுழைப்பைச் சரிவர ஏற்பதில்லை என்றும் சுட்டுகிறார். நீதிமன்றமும் அரசும் ஏற்றுக்கொண்ட பின்னரும் குடும்பம் ஏற்கவில்லையெனில், அத்தாய்க்கு மற்ற ஏற்புகளால் என்ன ஆறுதல்?

இங்கே ஒரு தடை எழும். "என் பிள்ளைக்குச் சோறு போடுவதற்கு நான் கணக்குப் பார்ப்பேனா?" என்று தாய்மாரே நம்மை மறித்துக் கேட்பார்கள். பெற்ற மனம் பித்து என்பது வெறும் பழமொழியன்று. பிள்ளை உண்பதைக் கண்டு தாய்க்கு உண்டாகும் நிறைவைக் கூலியால் அளக்க முடியாது. மேலும், மழை பொய்த்த ஆண்டில், பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத மகனைப் பார்த்து, "உன் வழியைப் பார்" என்று சொல்வதும் நம் மரபன்று. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வதை நாம் குறையாக எண்ணுவதில்லை. அது நம் குடும்பங்களின் வலிமை. கேள்வி, அவர்கள் அங்கே யாராக வாழ்கிறார்கள் என்பதே.

அன்பு செய்வது என்பது, அன்புக்குரியவரின் நன்மையை விரும்புவது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வரையறுக்கிறார். குழந்தையின் நன்மை, ஊட்டப்படுவதில் இருக்கிறது. இருபத்தைந்து வயது மகனின் நன்மை எதில் இருக்கிறது? பிறரைத் தாங்கும் மனிதனாக அவன் உருவாவதில் அன்றோ? பெறுவதற்கு மட்டுமே பழக்கப்பட்டவன், கொடுப்பதில் உள்ள மகிழ்ச்சியை அறியாமலே முதிர்கிறான். நாளை அவன் மனைவியும் அந்த அறியாமையின் சுமையைத் தாங்க நேரிடும். மகளுக்கு ஏழு வயதில் துடைப்பத்தைக் கொடுத்து, மகனுக்கு எழுபது வயதுவரை தட்டை நீட்டுகின்ற வளர்ப்பு முறை மகளுக்கு அநீதி இழைக்கிறது, மகனையோ வறியவனாக்குகிறது. தாய் கொடுத்துக்கொண்டே இருப்பது அன்பானால், பிள்ளை கொடுப்பதற்கு இடம்விடுவதும் அன்பே.

திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு வீடு நம் கண்முன் வருகிறது. கொரிந்து நகரில் அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரம் செய்யும் தொழிலை நடத்திவந்தனர். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்த அவ்வீட்டில் பவுல் வந்து தங்கினார். அவர் விருந்தினர், நற்செய்தியை அறிவிக்கும் பெரும்பணி உடையவர். பணிவிடையை எதிர்பார்க்க அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆயினும், அத்தொழிலைத் தாமும் அறிந்திருந்த அவர், அவர்களோடு அமர்ந்து வேலை செய்தார். அடுத்தவர் வீட்டில் தங்கிய திருத்தூதருக்கே தம் கைகள் வேலைக்குரியவை எனத் தெரிந்திருந்ததென்றால், தாய்வீட்டில் தங்கும் மக்களுக்கு அது தெரியாமலிருக்கலாமா?

நாம் பெரிய புரட்சி எதையும் கேட்கவில்லை. உண்ட தட்டைக் கழுவி வைப்பது, தனக்கு வேண்டிய தேநீரைத் தானே போடும்போது அம்மாவுக்கும் ஒரு குவளை போடுவது, தன் துணியைத் தானே துவைப்பது, தாய் மூட்டையைப் பிரித்து அமரும் நேரத்தை வேலை நேரம் என்று வீடே ஒத்துக்கொள்வது. பிரசவத்துக்கு வந்த மகளும், பேரக்குழந்தையை விட்டுச் செல்லும் மகனும், "அம்மா, உங்களுக்கு முடியுமா?" என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்குக் காத்திருப்பது. தாய்மாரும், "எய்யா, இந்த மூட்டையைக் கொஞ்சம் பிடி" என்று கூச்சமின்றிக் கேட்கப் பழகுவது.

இன்று மாலை அம்மா நிமிராமல் வேலை செய்துகொண்டிருக்கையில் பசி எடுத்தால், அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வளர்ந்த பிள்ளைகளாகிய நமக்குத் தெரியும். அங்கே போவதற்கு வேண்டிய கால்களும் அம்மா பால் கொடுத்து வளர்த்தவையே.