கல்லாவில் கேட்கப்படும் கேள்வி

பினாங்கின் ஜார்ஜ்டவுன் பேரங்காடி ஒன்றில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா: ஐந்து கிலோ அரிசி, எண்ணெய், முட்டை, இரண்டு டின் சார்டின். அவர் பணப்பையைத் திறக்கவில்லை, மைகார்ட் அடையாள அட்டையை நீட்டினார். கல்லாவில் இருந்த பெண் அதைக் கருவியில் செருக, கணக்கு தீர்ந்தது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய ஒவ்வொரு மலேசியக் குடிமகனுக்கும் அரசு கொடுத்த 100 வெள்ளி ‘சாரா’ உதவி அது. எனக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞர், கையில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு.

“உனக்கும் இது உண்டா, தம்பி?” என்றார் அந்த அம்மா.

“எனக்கு ஏதுக்கா? நான் பெர்மிட்டு” என்று சிரித்தார், வேலை அனுமதியில் வந்திருந்த அவர்.

வெளியே வந்து துறைமுகப் பக்கம் நடந்தபோதும் அந்தச் சொல் கூடவே வந்தது. இதே கரையில் ஒரு காலத்தில் நம்மவர் எல்லாருமே ‘பெர்மிட்டு’தானே?

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் மலாயாவை ரப்பர் வழியாகவே தாக்கியது. 1932-இல் ஒரு ராத்தல் ரப்பர் ஐந்து காசுக்கும் கீழே விழுந்தது. 50 காசாக இருந்த பால்மரத் தொழிலாளியின் தினக்கூலி, 1930-லேயே 40 ஆகி, பிறகு இன்னும் இறங்கியது. வேலை இழந்தவர்களுக்கு அன்றைய அரசு பெருமளவில் கொடுத்த நிவாரணம் என்ன தெரியுமா? கப்பல் டிக்கெட். 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளிகள், பெரும்பாலும் தமிழர்கள், நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பினாங்கிலிருந்துதான் கப்பல் வங்கக் கடலுக்குள் திரும்பும்.

அந்த டிக்கெட்டுக்குப் பணம் தந்தது இந்தியக் குடியேற்ற நிதி. தொழிலாளி எத்தனை நாள் உழைத்தான் என்று கணக்கிட்டு முதலாளிகள் கட்டிய பணம் அது. ஆள் தேவைப்பட்டபோது அழைத்து வரவும், தேவைப்படாதபோது அனுப்பிவைக்கவும் ஒரே உண்டியல்.

அதே வேளையில் சீன ஆண்களின் வருகைக்கு 1930-இல் உச்சவரம்பு வைத்தார்கள். 1933-இல் அதைச் சட்டமாக இறுக்கினார்கள். பெண்களுக்கு 1938 வரை வரம்பில்லை. விளைவு, ஆயிரக்கணக்கான சீனப் பெண்கள் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் ஆண்கள் தங்கிப் போகும் கூடாரமாக இருந்த சமூகத்தில் குடும்பங்கள் பெருகின. இங்கேயே பிறந்த தலைமுறை வளர்ந்தது. வேலையின்மையைக் குறைக்கப் போட்ட கணக்கு, ஒரு சமூகத்தை வேர் பிடிக்க வைத்தது. சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தமிழர் பக்கம் அரசியல் வேறு வழியில் வந்தது. அனுப்பப்பட்டவர்களின் கதை ஊரோடு நின்றுவிடவில்லை. 1936-இல் மலாயா இந்தியர் மத்திய சங்கம் பிறந்தது. 1938-இல் தோட்ட முதலாளிகள் மறுபடி கூலியில் கை வைத்தபோது, மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதையே இந்திய அரசு நிறுத்தியது. இங்கே இருந்தவர்கள் 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தேவைப்பட்டால் வா, இல்லாவிட்டால் போ என்று கேட்டுப் பழகிய காதுக்கு, ‘எங்கள் உரிமை’ என்ற சொல் அப்போதுதான் பழக்கமாயிற்று.

அதே மந்த காலத்தில் அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட் வேலை இழந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். பாலமும் பள்ளியும் கட்ட வைத்தார். ஆனால் அவருடைய 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தியது. கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் செய்த வேலைகள் அவை. தாராளமாகத் திறந்த கதவுக்கும் ஒரு வாசற்படி இருந்தது.

நிவாரணத்தின் அளவை வெள்ளியில் எண்ணிப் பழகிவிட்டோம். அதற்குள் இருக்கும் வாக்கியத்தை யாரும் படிப்பதில்லை. அரிசி கொடுக்கும் அரசு ‘இரு’ என்கிறது. டிக்கெட் கொடுக்கும் அரசு ‘போ’ என்கிறது. ஒரு நாட்டின் மக்கள் யார் என்பதை வாக்காளர் பட்டியலுக்கு முன்பே நிவாரணப் பட்டியல் சொல்லிவிடுகிறது.

2021 ஜூலையில், மலேசியாவில் கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டின் நடுவில், சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போன அண்டை வீட்டார் துணியைத்தான் பார்த்தார்கள். யாரிடமும் அட்டை கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அரசால் அப்படி இருக்க முடியாது, அதற்குப் பட்டியல் வேண்டும். பட்டியல் என்றால் எங்கோ ஒரு பெயரோடு முடிந்துதான் ஆக வேண்டும்.

அந்த இளைஞர் ரொட்டிக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எனக்கும் அட்டை இருக்கிறது. அந்த மாதம் நானும் அதை நீட்டினேன். டிக்கெட் கொடுக்கப்பட்டவர்களின் வரிசையிலிருந்து அட்டை நீட்டுபவர்களின் வரிசைக்கு வந்து சேர நமக்கு மூன்று தலைமுறை ஆயிற்று. பின்னால் நிற்பவரை மறக்க, அட்டை உள்ளே போய் வெளியே வரும் நேரம் போதுமாயிருக்கிறது.