தானிய வாணிகமும் நற்பிழைப்பும்

வடாலாவில் ஒரு மாலை உரை முடிந்ததும் அன்னையொருவர் எழுந்து, "ஐயா, என் மகன் மக்காச்சோளம் வாங்கிக் கோழித் தீவனத்துக்கு விற்கிறான், அது நற்பிழைப்பா?" என வினவினார். உடனே விடை கூற இயலவில்லை.

பகவான் விலக்கிய வாணிகங்கள் ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு என ஐந்து. தானியம் அவற்றுள் இல்லை. தீவனம் என்பதனாலும் இழிவில்லை. அமெரிக்காவில் கால்நடைக்கு இடப்படும் 'மைலோ' என்னும் செஞ்சோளத்தையே 1972ஆம் ஆண்டு மராட்டியப் பஞ்சத்தில் மக்கள் பங்கீட்டுக் கடையில் வரிசையில் நின்று வாங்கி உண்டனர். (சிலர் அதனை இன்றும் வெறுப்புடன் கூறுவர். சோளம் என்ன பிழை செய்தது? நம் நெல்லைப் பாட்டன்மார் சோளக் கஞ்சியில் வளர்ந்தவரன்றோ!) நாமக்கல் கோழிகள் தின்னும் மக்காச்சோளமும் முட்டையாகிப் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவில் சேர்கிறது.

ஆயினும் 1943ஆம் ஆண்டு வங்கத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டது விளைச்சல் குறைவால் மட்டுமன்று. யுத்தகால விலையேற்றமும் பதுக்கலும் அரிசியை ஏழைக்கு எட்டாப் பொருளாக்கின. ஆயுதம் விற்காத கைகளும் அங்கே உயிர் கொன்றன.

மறுவாரம் அவ்வன்னையிடம், "விலை ஏறட்டுமென்று மூட்டைகளைப் பூட்டி வைப்பதுண்டா, அம்மா?" என்றேன்.

சற்று நேரம் பேசாதிருந்தார். "மழை தவறிய ஆண்டில் வைத்தான், ஐயா" என்றார்.