பள்ளிக்கூடம் திறக்கும் முன்: வீட்டின் இரவைச் சீர் செய்வோம்

(ஜும்ஆ உரை: ஹிஜ்ரி 1446, துல்ஹஜ் பிறை 2 / 30.05.2025)





வருகிற திங்கட்கிழமை, ஜூன் 2, பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன. இந்த வருஷம் இடவப்பாதி மழையும் முந்திக்கொண்டது. கேரளத்தில் மே 24-லேயே தொடங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை, ஜூன் 7, ஹஜ்ஜுப் பெருநாள். நாகர்கோவில், தக்கலை கடைத்தெருக்களில் குடை, பை, சீருடை, பெருநாள் துணி என்று ஒரே கூட்டம். வாங்க வேண்டியதை வாங்குங்கள், அதற்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் பேச வந்தது பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி.

இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கியது? பன்னிரண்டா, ஒன்றா? சவூதியிலோ கத்தாரிலோ இருக்கும் வாப்பா வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, அறையில் உட்கார்ந்து வீடியோ காலில் அழைக்கும்போது அங்கே எட்டு மணி. இங்கே பத்தரை. பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கிடைப்பது அந்த நேரம்தான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேசி முடித்த பிறகு மொபைல் பிள்ளையின் கையிலேயே தங்கிவிடுகிறது. காலையில் மதரஸாவுக்கு வருகிற பிள்ளை குர்ஆனை விரித்து வைத்துக்கொண்டு தூங்கி விழுகிறது. உஸ்தாத் அதட்டுகிறார். பத்து மணிக்குப் பள்ளியில் ஆசிரியர் அதட்டுகிறார். பிள்ளை எப்போது தூங்கியது என்பது இருவருக்கும் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஸூரத்துந் நூரின் 58-வது வசனத்தைப் பாருங்கள். பருவமடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும் என்று அல்லாஹ் கற்றுத்தருகிறான். ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் மேலாடையைக் களைந்து ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின். வெட்கம், ஒழுக்கம் பற்றிய சட்டம்தான் இது. ஆனாலும் இதற்குள் ஒரு வீட்டின் நேர அட்டவணை இருக்கிறது, கவனித்தீர்களா? இஷாவுக்குப் பிறகு அந்த வீடு ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஃபஜ்ருக்கு எழுந்துவிடுகிறது. நம் வீடுகளில் இஷாவுக்குப் பிறகுதான் டிவியும் மொபைலும் உச்சத்துக்கு வருகின்றன.

இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சு பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று அபூபர்ஸா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). விருந்தாளியோடும் குடும்பத்தாரோடும் தேவைக்காகப் பேசுவது, இல்முக்காக விழித்திருப்பது இவற்றுக்கு அனுமதி உண்டு. ரீல்ஸ் இந்தக் கணக்கில் வராது! தம் உம்மத்தின் அதிகாலை நேரத்தில் பரக்கத் வேண்டி நபியவர்கள் துஆ செய்தார்கள். அந்த ஹதீஸை அறிவிக்கும் ஸக்ர் அல்காமிதீ (ரலி) ஒரு வியாபாரி. சரக்கைக் காலையிலேயே அனுப்பும் பழக்கத்தை வைத்துக்கொண்டார், செல்வந்தராகவும் ஆனார் (அபூதாவூத், திர்மிதீ). நடுராத்திரி வரை விழித்திருக்கும் வீட்டுக்கு இந்த துஆவின் பங்கு எப்படிக் கிடைக்கும்?

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று இரவுகள் இருக்கின்றன. ஒரே நாளில் மாற்ற முடியாது. இன்றிரவு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள், நாளை இன்னும் ஒரு மணி நேரம். எல்லா மொபைலும் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், உங்களுடையதும் சேர்த்துத்தான். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார், முடிந்தால் வேலைக்கிடையில் மக்ரிபுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் கூப்பிடுங்கள். இங்கே பிள்ளை விழித்திருக்கும்.

இன்னொன்று. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இப்போது காலை மதரஸா, பள்ளி, சாயங்காலம் டியூஷன். அந்தப் பிள்ளை எப்போது விளையாடும்? சின்ன வகுப்புக்கு டியூஷன் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் நேரம் போதவில்லை என்றதும் நாம் முதலில் நிறுத்துவது மதரஸாவைத்தான். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இது துல்ஹஜ்ஜின் முதல் பத்து நாட்கள். இப்ராஹீம் (அலை) அவர்களை நினைக்கும் நாட்கள். அல்லாஹ்வின் கட்டளை கனவில் வந்துவிட்டது. அப்போதும் அவர்கள் மகனைக் கூப்பிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்கள் (37:102). அவ்வளவு பெரிய விஷயத்திலேயே மகனின் கருத்தைக் கேட்ட தகப்பன்! நாமோ பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு என்பதைக்கூடப் பிள்ளையிடம் கேட்பதில்லை. பள்ளிக்குப் போக மாட்டேன் என்று ஒரு பிள்ளை அழுதால் அடிக்கிறோம். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா, பஸ்ஸில் தொந்தரவா, எழுத்து பிடிபடவில்லையா? தூங்கப் போகும் முன் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவே சொல்லிவிடும்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களே, உம்மு ஸுலைம் (ரலி) அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய முதல் கணவர் வெளியூர் போய் அங்கேயே இறந்துபோனார். பத்து வயது மகன் அனஸை நபியவர்களிடம் அழைத்து வந்து ஒப்படைத்து, அவருக்காக துஆவும் கேட்டு வாங்கினார்கள். அந்தச் சிறுவர்தான் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை அறிவித்த அனஸ் (ரலி).

நம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார். நூறு விஷயங்களில் ஒரே நேரத்தில் கவனம்! நம் பிள்ளைக்கு ஒரு பக்கம் படித்து முடிக்கும் பொறுமை இருந்தாலே இன்று அல்ஹம்து லில்லாஹ்.

கடைசியாக இரண்டு விஷயங்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் இல்லாமல் அது கைக்கு வராது. கல்லூரி சேர்க்கை வரை காத்திருக்காமல், இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். இரண்டாவது, வாப்பா இல்லாத பிள்ளைகள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். பெருநாள் துணி எடுக்கும்போது ஒரு பையும் ஒரு குடையும் சேர்த்து எடுங்கள். எல்லோர் முன்னாலும் பிள்ளையை நிறுத்திக் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இஷாவுக்குள் ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், திங்கள் காலை பள்ளிக்குப் புறப்படும் முன் அந்தந்த வீடுகளில் சேர்த்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.