தியாகம் என்னும் சொல்

1978ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 20ஆம் நாள் சோவியத் நாட்டினர் விண்ணிற்கு ஒரு கலத்தை ஏவினர். அதில் மனிதர் எவரும் இலர். உணவும் எரிபொருளும் பிற பொருள்களுமாக ஏறத்தாழ 2.3 டன் சுமையை அது தாங்கிச் சென்றது. சல்யூட் 6 என்னும் விண்வெளி நிலையத்தில் ரொமனென்கோ, கிரெச்கோ என்னும் இருவர் அப்போது தங்கியிருந்தனர். இரண்டு நாள் கழித்துக் கலம் தானே அணுகி நிலையத்தோடு இணைந்தது. அதன் பெயர் புரோகிரஸ் 1. முன்னேற்றம் என்பது பொருள்.

கொண்டுவந்தவற்றை இறக்கியபின், அவ்விருவரும் தமக்கு வேண்டாத கழிவுகளை அதனுள் நிரப்பினர். பிப்ரவரி 6இல் கலம் பிரிந்தது. 8இல் பசிபிக் மாகடலின் மேல் காற்றுமண்டலத்திற் புகுந்து எரிந்து அழிந்தது.

இச்செய்தியைக் கேட்கும் மாணவர், 'என்னே இதன் தியாகம்!' என்று எழுதக்கூடும். மெழுகுவத்தியை உவமை கூறிப் பழகிய கை அன்றோ! ஆசிரியராகிய நாமும் அதற்கு மதிப்பெண் தந்தே வந்திருக்கிறோம்.

ஆயினும் சற்றே நின்று எண்ணுவோம். காத்துக்கொள்ள வழியிருந்தும் பிறர்பொருட்டுத் தம்மை விட்டுக்கொடுப்பதே தியாகம். இக்கலத்திற்கோ அவ்வழி தொடக்கத்திலேயே அடைக்கப்பட்டிருந்தது. மனிதர் ஊர்ந்த சோயுஸ் கலத்தை ஒட்டியே இதனை வடித்தனர். ஆனால் மனிதரை மண்ணுக்கு மீட்கும் பகுதியை நீக்கி, அவ்விடத்தில் எரிபொருள் கலன்களை அமைத்தனர். வெப்பம் தாங்கும் கவசமும் இல்லை. மீளவேண்டாத ஒன்றுக்குக் கவசம் வீண்சுமை. அவ்வெடைக்குப் பிற பொருளை ஏற்றலாம். கணக்குச் சரியே. உலோகத்திற்கு நோவு இல்லை; ஆகவே இதில் எவர்க்கும் பழி இல்லை. விருப்பமும் இல்லை, ஆகவே தியாகமும் இல்லை.

என் உள்ளத்தை உறுத்துவது கலம் அன்று, அச்சொல். அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாயையும், தம்பியரின் படிப்பிற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட மூத்த மகளையும் நாம் இதே சொல்லால்தான் போற்றுகிறோம். அவர்களை யாரேனும் கேட்டார்களா? அம்மூத்தவளுக்கு மீளும் வழி வைக்கப்பட்டிருந்ததா? கேளாமலே பறித்துக்கொண்டதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டினால், இழந்தவர்க்குப் பெருமை சேர்வதுபோலத் தோன்றும். உண்மையில் பெற்றவர்க்கே மனநிம்மதி சேர்கிறது.

விரும்பியே விட்டுக்கொடுத்த தாயரும் உளர். அவர்தம் பெருமையை நான் மறுக்கவில்லை. எவர் விரும்பினர், எவர் விரும்புமாறு பழக்கப்பட்டனர் என்று வெளியில் நின்று பிரித்தறிதல் எளிதன்று. கேட்டாலும், 'எனக்கென்ன குறை?' என்றே அவர்கள் மொழிவர்.

இனி மாணவர் ஏட்டில் அச்சொல்லைக் காணும்போது, அருகே சிறு வினாக்குறி ஒன்று இட எண்ணியுள்ளேன். மதிப்பெண்ணைக் குறைக்கப்போவதில்லை.